ஓரகத்தியின் பன்னிரண்டாவது புத்தகம்

எங்கள் வீட்டுச் சுவர் அலமாரியில் இரண்டு தட்டுகள். மேல் தட்டு மூத்த மருமகளுக்கு, கீழ்த் தட்டு இளைய மருமகளுக்கு என்று மாமியார் கண்ணை மூடுவதற்கு முன்பே சொல்லி வைத்திருந்தாராம். கல்யாணமாகி முதலியார்பேட்டைக்கு வந்த அன்று, என் நாலு புடவைகளைக் கையில் ஏந்திக்கொண்டு அந்த அலமாரியைத் திறந்தேன். இரண்டு தட்டிலும் காகிதம். திறந்த வேகத்தில் ஒரு கட்டு சரிந்து என் காலில் விழுந்து சிதறியது. தீப்பெட்டிப் படங்கள், மில் துணியின் மேல் ஒட்டி வரும் வண்ண டிக்கெட்டுகள், சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள், யார் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ, எல்லாம் தரையில் கிடந்தன.

என் ஓரகத்தி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"அய்யோ, மிதிச்சுடாதடி, மிதிச்சுடாத!"

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். வா என்றுகூடச் சொல்லவில்லை. பொறுக்கி முடித்துவிட்டு என் புடவைகளைப் பார்த்தாள். "கீழ்த் தட்டுல ஓரமா கொஞ்சம் எடம் விட்டுத் தரேன்" என்றாள். அந்த ஒரு முழ இடத்தில் ஆறு வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

அவள் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. என் வாயால் அந்தப் பெயரை நான் ஒரு தரமும் சொன்னதில்லை. எனக்கு அக்கா, தெருவுக்குத் தையக்காரம்மா. அவள் புருஷனும் அவர் தம்பியான என் புருஷனும் ஒரே மில்லில் வேலை. அவளுக்கு ஒரே மகள், நான் வந்தபோது பன்னிரண்டு வயது. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கின வருஷம்தான் என் கல்யாணமும். ஊரெல்லாம் ஆட்சி மாறியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, எனக்கு அந்த அலமாரியில் என் ஆட்சி எப்போது வரும் என்பதே கவலை.

நான் வீட்டில் குப்பை சேர விடாதவள். உடைந்த சீப்பு, காது போன கோப்பை எதுவும் என் கையில் ஒரு நாள் தங்காது. அப்படிப்பட்டவளை அவளோடு ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து சேர்த்தவர்களைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காகிதமெல்லாம் புத்தகம் போடுவதற்கு. அவள் அப்படித்தான் சொல்வாள், "புக்கு போடறேன்" என்று. பழைய பேரேடு, பள்ளிக்கூட நோட்டு, காலிகோ அட்டை போட்ட டைரி என்று எது கிடைத்தாலும் அதில் படங்களும் டிக்கெட்டுகளும் ரிப்பனும் காய்ந்த பூவும் ஒட்டி அழகழகாகப் பக்கம் செய்வாள். முதல் நாலைந்து பக்கங்களைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆறாவது பக்கத்தில் ஒரு மூலை காலியாக இருக்கும். ஏழாவதில் பாதி காலி. அதற்குப் பிறகு வெள்ளைத்தாள்தான், கடைசி வரை. அப்படிப் பதினோரு புத்தகங்கள்.

"இது என்னாக்கா, மொட்டையா நிக்குது?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"மொட்டை இல்லடி. எடம் விட்டு வச்சிருக்கேன்."

எதற்கு இடம்? அதுதான் அவள் கதையே. கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருந்த ஒரு மதாம், அதாவது பிரெஞ்சுக்காரம்மா, வீட்டுக்கு வாரம் ஒரு நாள் தைக்கப் போவாள். கைக்குட்டையில் எழுத்துப் போடுவது, திரைச்சீலைக்கு ஓரம் அடிப்பது என்று வேலை. அந்த மதாமிடம் ஒரு பெரிய ஆல்பம் இருந்தது. அந்தம்மா ஓய்வாக இருக்கும்போது அதை மேஜையில் விரித்துப் பார்க்க விடுவார். அக்கா வெறுமனே பார்த்துவிட்டு வருகிறவள் இல்லை. ஒரு நூலைப் பக்கத்தின் மேல் பிடித்து, படம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, ரிப்பன் எந்த இடத்தில் என்று முடிச்சுப் போட்டுக்கொள்வாள். எழுத்து இருந்தால் எண்ணெய்த்தாளை வைத்துப் பென்சிலால் படி எடுப்பாள். வீட்டுக்கு வந்து முடிச்சுக்கு முடிச்சு அதே மாதிரி பக்கம் போடுவாள். மதாமின் பக்கத்தில் ஒரு கப்பல் டிக்கெட் இருந்தால் இவளுக்கும் கப்பல் டிக்கெட் வேண்டும். அங்கே ஒரு நீலப் பூ இருந்தால் இங்கேயும் அதே நீலப் பூ வேண்டும். நம் ஊரில் அந்தப் பூவுக்கு எங்கே போவது? சங்குப் பூவை வைத்து ஒட்டுங்களேன் என்றேன் ஒரு தடவை.

"அது அந்தப் பூ இல்லியே" என்றாள், எனக்குக் கண் தெரியவில்லை என்பதுபோல.

கொடி இறங்கிய மறு வருஷம் மதாம் வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பலேறிவிட்டார். ஆல்பமும் போயிற்று. அக்காவின் மூன்று புத்தகங்கள் அப்படியே நின்றன. பிறகு வேறு வேறு இடங்களில் பார்த்ததைக் காப்பி அடித்தாள். ஒரு வாழ்த்து அட்டை, சைகோனிலிருந்து வந்த ஒரு வீட்டு ஆல்பம், ஜவுளிக்கடைக் காலண்டர். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று கிடைக்காமல் நின்றுபோகும். உடனே அடுத்த புத்தகத்தைத் தொடங்குவாள். தொடங்கும் நாட்களில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பருப்பு அடி பிடித்தாலும் தெரியாது. பசைக்கு நான் வைத்திருந்த மைதாவை எடுத்துக் கிளறிவிட்டு, "ரெண்டு கரண்டிதான்டி" என்பாள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவள் தையலைச் சொல்லாவிட்டால் பாவம். அளவு நாடா எந்நேரமும் கழுத்தில் கிடக்கும். அதை எடுத்து அளந்து நான் பார்த்ததே இல்லை. ரவிக்கைத் துணியோடு ஒருத்தி வந்து நின்றால் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்ப்பாள்.

"உனக்கு எடது தோளு எறங்கியிருக்குது. தண்ணி அந்தப் பக்கந்தான் தூக்குவியா?"

அந்தப் பெண் வாயைப் பிளப்பாள். இவள் துணியைத் தரையில் விரித்துக் கோடுகூடப் போடாமல் கத்திரியை ஓட்டுவாள். போட்டுப் பார்த்தால் உடம்போடு பிறந்ததுபோல் உட்காரும். துணியை வெட்டுகிற அதே கைதான் காகிதத்தைத் தொட்டால் முடிச்சு எண்ணும். அது எனக்கு அன்றைக்கும் வேடிக்கையாக இருந்தது, இன்றைக்கும் வேடிக்கைதான்.

அக்காவின் மகள் பாப்பாவுக்குப் பதினெட்டு வயதில் தவளக்குப்பத்துப் பையன் ஒருவன் அமைந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். லீவில் வந்தவன் தாலி கட்டினான். காகிதங்கள் வந்ததும் இரண்டு பேரும் பம்பாய் போய்க் கப்பலேற வேண்டியது. ஒரே பெண், எப்போது திரும்பி வருவாள் என்று யாருக்கும் தெரியாது. அக்கா கல்யாண வீட்டில் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் பாப்பா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, எனக்குப் புதுசா ஒண்ணும் வாங்காத. ஒரு புக்கு போட்டுக் குடு."

"போடறேண்டி, அதுக்கென்னா."

"போடறேன்னு சொல்லாத. முடிச்சுக் குடு. அங்க போயி நா தெறந்தா நம்ம வூடு தெரியணும்."

பன்னிரண்டாவது புத்தகம் அப்படி ஆரம்பித்தது. கப்பலுக்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது. முடிக்காவிட்டால் அந்தப் பெண் வெறுங்கையோடு போகும். இவள் மிச்ச ஆயுளுக்கும் அந்தக் காலிப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு நாள் கழித்து நான் கிணற்றடியிலிருந்து வரும்போது அக்கா கத்திரியோடு பாப்பாவின் தலைக்குப் பின்னால் நிற்கிறாள். விரல் நீளத்துக்கு ஒரு கொத்து முடி அவள் கையில்.

"என்னாக்கா இது? தாலி கட்டி ஒரு மாசம்கூட ஆவல, புதுப் பொண்ணு தலைல கத்திரி வைக்கறீங்க?"

"ரவையூண்டுதான்டி. மதாம் புக்குல இருக்கறதுலயே நல்ல பக்கம் இது. எத்தினி வருஷமா இதுக்குன்னே எடம் விட்டு வச்சிருக்கேன் தெரியுமா?"

அந்தப் பக்கத்தை முடித்தும்விட்டாள். அவள் போட்ட பக்கங்களிலேயே அழகானது அதுதான். நடுவில் பாப்பாவின் போட்டோ. அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் காய்ந்த பூக்கள். கீழே ஊதா ரிப்பனால் கட்டிய முடிக்கொத்து. அதற்கும் கீழே எண்ணெய்த்தாளிலிருந்து படி எடுத்த இரண்டு வரி பிரெஞ்சு எழுத்து, நூலால் போட்டதுபோல் அத்தனை நேர்த்தி. கைக்குட்டையில் எத்தனையோ எழுத்துப் போட்டவள்தான், ஒன்றையும் படிக்கத் தெரியாது. நானேகூட இரண்டு தரம் கிட்டே போய்ப் பார்த்தேன்.

மாப்பிள்ளை அன்று சாயங்காலம் வந்தான். நல்ல பிள்ளை, அதிர்ந்து பேச மாட்டான். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை அவன் முன்னால் விரித்தாள். அவன் குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அத்தை, இத எங்க பாத்து எழுதுனீங்க?"

"நா தைக்கப் போன மதாம் வூட்டுல. ஏன் தம்பி, எழுத்து தப்பா?"

"தப்பு இல்லீங்க." அவன் பாப்பாவை ஒரு தரம் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தது எங்களுக்கே தெரிந்தது. "'எங்க செல்லமே, நீ போன பொறவு வூடு வெறிச்சுன்னு கெடக்குது'ன்னு எழுதியிருக்குது. கீழ ஏழு வயசுன்னு போட்டிருக்குது. அந்தம்மாவுக்கு ஒரு புள்ள செத்துப் போயிருக்கு அத்தை. செத்துப்போன புள்ளைக்குத்தான் இப்பிடி முடிய வச்சுப் பக்கம் பண்ணுவாங்க. எங்கூட வேலை செய்யறவங்க வூட்டுலயும் பாத்திருக்கேன்."

அக்கா அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். "அந்த ஏழு..." என்றாள். "நா பக்க நம்பர்னு நெனச்சேன்."

பாப்பாதான் முதலில் அசைந்தாள். முடிக்கொத்தை மெதுவாகப் பிய்த்து எடுத்து, "வளந்துடும்மா, விடு" என்றாள். அக்காவுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மாப்பிள்ளை போன பிறகும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"அந்தப் பக்கம் வந்தா அந்தம்மா எழுந்து சன்னல் பக்கம் போயிடும்டி. திரும்பியே பாக்காது. நா அளவெடுக்கத் தோதாப் போச்சுன்னு நூலப் புடிச்சுக்கிட்டு நின்னேனே."

இதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்ததை நான் மறக்கவில்லை. அவள் பெண்ணுக்கு அபசகுனமாகப் போயிற்றே என்றுதான் நான் பதறிக்கொண்டிருந்தேன். அவள் அந்த மதாமிடம் மன்னிப்புக் கேட்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கொல்லையில் வெந்நீர் அடுப்பை மூட்டப் போனேன். அடுப்புக்கு முன்னால் பன்னிரண்டு புத்தகங்களும் அடுக்கியிருந்தன. பக்கத்தில் அக்கா.

"நீ எத்தினி தரம் சொன்ன, எல்லாத்தயும் கொளுத்துங்கன்னு. கொளுத்து."

ஆறு வருஷமாக நான் கேட்டது அதுதான். தீப்பெட்டியும் கையில் இருந்தது. பாப்பாவின் முகம் நினைவுக்கு வந்து அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். அதற்காக ஆறுதல் சொல்கிற ரகமும் இல்லை நான். எனக்குக் கோபம்தான் வந்தது.

"கொளுத்திட்டு? அது கப்பல்ல வெறுங்கையோட போவட்டுமா?"

"எனக்குத் தெரியாதுடி. எவளுதையாவது பாத்தாத்தான் எனக்கு வருது. பாத்தா இப்பிடி ஆவுது."

"இம்மாம் வருஷமா எனக்கு ரவிக்கை வெட்டுறீங்களே, எவளுதைப் பாத்து வெட்டுனீங்க?"

"எவளுதயும் பாக்கல. உன்னப் பாத்துத்தான் வெட்டுனேன்."

"அப்ப உங்க பொண்ணப் பாத்து வெட்டுங்க!"

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அக்கா மேலே இருந்த புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் உட்கார்ந்து பிரித்தோம். நான் ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பிடித்து, "இது யாருது?" என்று கேட்பேன். அவள் நெஞ்சில் கை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். நம் வீட்டுது என்றால் வலது பக்கம். ஊரான் வீட்டுப் பக்கம் என்றால் அடுப்பு. ஆரம்பத்தில் ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்டினாள்.

"அந்த வெள்ளித்தாளு நல்லா இருக்குதேடி."

"நல்லாத்தான் இருக்குது. யாருது?"

"...அடுப்புல போடு."

மதாமின் அந்த எண்ணெய்த்தாளை மட்டும் என்னைத் தொட விடவில்லை. ஒரு கட்டிக் கற்பூரத்தை அதன் மேல் ஏற்றி அவளே அடுப்பில் வைத்தாள். எரிந்து முடியும் வரை நின்றாள்.

மூன்றாவது புத்தகத்தில் ஒரு பக்கம் வந்தது. நாலு மூலையிலும் போட்டோ செருகுகிற மூலைத்தாள், கச்சிதமாக ஒட்டியிருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. எதையும் பார்த்து அடித்த காப்பியாகவும் தெரியவில்லை.

"இது யாருது?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன்னுது" என்றாள். "நீ வந்த வருஷம் போட்டது. உனக்கு ஒண்ணு பொறந்தா ஒட்டலாம்னு எடம் விட்டு வச்சேன்."

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். தெருவில் கேட்காதவர்கள் இல்லை. சாமியார் பேரைச் சொன்னவர்கள், மருந்துப் பேரைச் சொன்னவர்கள், என் புருஷனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று வாசலில் நின்று பேசினவர்கள். இவள் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. அதை அவள் முன்னால் காட்டப் பிடிக்காமல் அடுத்த தாளை எடுத்துப் பிடித்தேன். அந்த நாலு மூலைத் தாளை அவள் எந்தப் பக்கமும் வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் கை ஓடிய வேகம்! துணிப் பெட்டியைத் திறந்தாள். பாப்பாவின் முதல் பாவாடை, அவள் அப்பா மில்லிலிருந்து கொண்டுவந்த முரட்டுத் துணி, ஜன்னல் திரை, என் கல்யாணப் புடவையின் கிழிந்த ஓரம், கரி பிடித்த அடுக்களைத் துணி என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டினாள். அதைப் பன்னிரண்டாவது புத்தகத்தின் வெள்ளைத்தாளில் வைத்துப் பசை போடாமல் ஊசியால் தைத்தாள். நூல் முடிச்சும் இல்லை, அளவும் இல்லை. பாப்பாவை எதிரே உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே தைப்பாள். அந்தப் பாவாடையோடு எங்கே விழுந்தாள், எந்த முட்டி உடைந்தது என்று இருவருக்கும் சண்டை நடக்கும். அடுத்த பக்கம் எப்படி வர வேண்டும் என்பது அந்தச் சண்டையில் முடிவாகும்.

துணி வைத்ததில் புத்தகம் வயிறு பெருத்து மூட மாட்டேன் என்றது. நானும் அவளும் டவுனில் ஒரு பைண்டர் பாய் கடைக்குத் தூக்கிப் போனோம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "பக்கத்துக்குப் பக்கம் நடுவுல ஒரு பட்டி குடுத்துத் தைக்கணும்மா. மொத்தம் எவ்ளோ வருதோ அவ்ளோ முதுகுல எடம் வுடணும். இல்லன்னா முதுகு ஒடஞ்சிடும்" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தையலுக்குத் துணி விடற மாதிரி" என்றாள்.

"அதேதாம்மா. பசையில கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக்குங்க, பூச்சி அரிக்காது."

பட்டியை அவளே வெட்டினாள், அவர் கடையில் உட்கார்ந்து அவளே தைத்தாள். பாய் டீ சொல்லிவிட்டு, அவள் ஊசி போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்புகிற அன்று காலையில் புத்தகத்தைப் பாப்பாவிடம் கொடுத்தாள். பன்னிரண்டே பக்கம். பாப்பா நின்றபடியே ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அடுக்களைத் துணியை முகர்ந்துகூடப் பார்த்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னாம்மா, எடமே விடலியா?"

"இல்ல. முடிஞ்சிடுச்சு."

"எனக்குக் கொழந்த கிழந்த பொறந்தா எங்க ஒட்டறது?"

"அது உன் வூடு. நீயா ஒரு புக்கு வாங்கிப் போட்டுக்க." சொல்லிவிட்டு அக்கா பெண்ணின் கன்னத்தைத் தடவினாள். "எதப் பாத்தும் போடாத."

வண்டி தெரு முனையில் திரும்பும் வரை நின்றோம். கல்யாணத்தில் அழாதவள் அப்போதுதான் அழுதாள். நான் பிடித்துக்கொண்டேன். அவளைவிட நான்தான் சத்தமாக அழுதேன் என்று பிற்பாடு எல்லோரும் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

வீட்டுக்குள் வந்ததும் அவள் நேராக அலமாரியைத் திறந்தாள். கீழ்த் தட்டை ஈரத் துணியால் மூலை மூலையாகத் துடைத்தாள்.

"இந்தா. கேட்டுக்கிட்டே இருந்தியே, உன் தட்டு."

ஆறு வருஷம் சண்டை போட்டு வாங்கிய தட்டு. பார்க்கவே பிடிக்கவில்லை. என் புடவைகளை ஒரு ஓரமாக வைத்தேன், பழைய அதே ஒரு முழத்தில். பிறகு அக்கா அன்றைக்கு மடியில் வைத்துக்கொண்ட அந்த நாலு மூலைத் தாளைக் கேட்டு வாங்கி, மீதி இடத்தில் படுக்க வைத்தேன்.

"அத எதுக்குடி வச்சிருக்க?" என்றாள் அக்கா. "கிழிச்சுடு. நா பாட்டுக்குப் போட்டுட்டேன், உனக்குக் கஷ்டமா இருக்கும்."

எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அன்றைக்கு அது தெரியாது என்றும் சொல்ல முடியாது, உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது. உடைந்த சீப்பை ஒரு நாள் வைத்துக்கொள்ளாதவள், வீடு மாறி, ஊர் மாறி, அவளும் கண்ணை மூடிய பிறகும் அந்த ஒரு தாளைத் தூக்கிப் போடவில்லை.

"எடம் விட்டு வச்சிருக்கேன்க்கா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தாளின் மேல் படிந்திருந்த ஒரு நூலிழையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அலமாரியைச் சாத்தினாள்.